என் கணினிக்கு எத்தனை சாரதிகள்?

"ஐயா, எல்லா ட்ரைவரும் போட்டுத்தான் தந்தனான். இனி ஒரு பிரச்சினையும் வராது."

2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கணினிக் கடை இளைஞன் எனக்கு வழங்கிய உத்தரவாதம் இது. அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே எல்லாவற்றையும் போட்டிருந்தான். பிரச்சினை வந்ததே அதனால்தான்!

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் சிக்கி, நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக மின்சாரம் தடைப்பட்ட நாட்களில், என் பழைய மேசைக்கணினி தன் ஆயுளை முடித்துக்கொண்டது. புதிய கணினியொன்றை முழுதாக வாங்க அன்றைய விலைவாசி இடங்கொடுக்கவில்லை. உதிரிப்பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து நானே பூட்டிக்கொள்வதென முடிவெடுத்தேன். தாய்ப்பலகையும் ஏஎம்டி செயலியும் கொழும்பில் வாங்கியவை. நினைவகம் லண்டனிலிருந்து வந்த உறவினரின் பயணப் பொதியில் வந்து சேர்ந்தது. கனடாவில் வாழும் மருமகன் காணொளி அழைப்பில் வழிகாட்ட, கலைப்பட்டதாரியும் ஐம்பது வயதைக் கடந்தவனுமாகிய நான், திருப்புளியும் கையுமாகத் தரையில் அமர்ந்து இரண்டு இரவுகளில் அதைப் பூட்டி முடித்தேன். அந்தப் பெருமை இன்னும் எனக்கு உண்டு.

ஆனால், அத்துடன் என் துணிவு தீர்ந்துபோயிற்று. விண்டோஸை நிறுவுவதும் ட்ரைவர்களைப் போடுவதும் 'தெரிந்தவர்கள்' செய்யவேண்டிய வேலை என்றெண்ணி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. ஆயிரக்கணக்கான ட்ரைவர்களை ஒன்றாகத் திணித்து வைத்திருந்த ஒரு பொதியை அந்த இளைஞன் ஓடவிட்டான். 'எல்லாவற்றையும் நிறுவு' என்ற பொத்தானை அழுத்தினான். தேநீர் குடிக்கப் போனான்.

மூன்று வாரங்களின் பின் நீலத் திரை வந்தது. மறுநாளும் வந்தது. மூன்றாம் முறை கணினி எழவேயில்லை. திரையை என் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். "ஃபோமற் அடிச்சால் சரி ஐயா" என்றான் அவன். நானும் தலையாட்டினேன். கோப்புகள் எதுவும் உள்ளனவா என அவன் கேட்கவில்லை. உள்ளன என்று நானும் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரியுமென நினைத்தேன்.

அந்த வட்டில் ஏழு ஒலிநாடாக்களின் பிரதிகள் இருந்தன. தொண்ணூறுகளில் நான் பதிவுசெய்த நேர்காணல்கள் அவை. மூல நாடாக்கள் பூஞ்சணம் பிடித்து, கணினிக்கு மாற்றிய கையோடு பயனற்றுப் போய்விட்டன. அவற்றில் ஒன்றிலே, ஈய எழுத்துகளைக் கையால் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்து அச்சுக்கோப்பாளர் ஒருவர் இரண்டு மணித்தியாலம் பேசியிருந்தார். 1998 இல் எடுத்த பதிவு. அவர் இன்று உயிரோடு இல்லை. அவருடைய குரலும் இப்போது இல்லை.

பிரதியெடுத்து வைக்காதது என் குற்றம். அதை எவர் தலையிலும் கட்ட மாட்டேன். ஆனால், கணினி எதனால் விழுந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. கைபேசியில் இருந்த படத்தை மருமகனுக்கு அனுப்பினேன். நீலத் திரையின் அடியிலே, செயலிழந்த கோப்பின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவன் கேட்டான்:

"மாமா, இது ரெயிட் ட்ரைவர். பல டிஸ்க்குகளை ஒண்டாக் கட்டி ஓடுற ஆக்களுக்கு. உங்கட மெசினில ஒரே ஒரு டிஸ்க்தானே? இதை ஆர் போட்டது?"

யார் போட்டது? எதற்காகப் போட்டது? எங்கிருந்து எடுத்தது? இந்த மூன்று கேள்விகளையும் நான் என் தொழிலில் முப்பது ஆண்டுகளாகப் பிறரிடம் கேட்டு வந்திருக்கிறேன். என் சொந்தக் கணினியின் விடயத்தில் மட்டும் கேட்கத் தவறினேன். இந்தக் கட்டுரை அந்தத் தவறிலிருந்து பிறந்தது.

கடிவாளம் யார் கையில்?

ட்ரைவரைத் தமிழகத்தார் 'இயக்கி' என்கிறார்கள். நம்மவரில் 'செலுத்தி' என்பாரும் உண்டு. வாகனம் ஓட்டுபவரைச் 'சாரதி' என்றழைத்துப் பழகிய இலங்கையன் என்ற வகையில், எனக்கு அந்தச் சொல்லே இங்கும் பொருத்தமாகப் படுகிறது. பயணியாக வருபவர் எவராகவும் இருக்கலாம். கடிவாளத்தை ஒப்படைக்கும் ஆளைப் பற்றி விசாரிக்காமல் இருக்க முடியுமா?

இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பது ட்ரைவரின் வேலை. 'இந்த ஒலியை எழுப்பு' என விண்டோஸ் பொதுவாகச் சொல்வதை, உங்கள் தாய்ப்பலகையில் உள்ள அந்தக் குறிப்பிட்ட ஒலிச் சில்லுக்கு விளங்கும் கட்டளையாக அது மாற்றித் தருகிறது. இந்த வேலையைச் செய்வதற்காகப் பெரும்பாலான ட்ரைவர்களுக்கு இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலுக்குள்ளேயே இடம் தரப்படுகிறது. நீங்கள் எழுதும் மென்பொருளோ பாட்டுக் கேட்கும் மென்பொருளோ தவறிழைத்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் இருக்கும் ஒன்று தவறிழைத்தால், தரவுகள் மேலும் சிதையாமல் தடுப்பதற்காக விண்டோஸ் முழுக் கணினியையுமே நிறுத்திவிடுகிறது. நாம் சபிக்கும் நீலத் திரை என்பது அதுதான்.

இது அரிதான விபத்து என எண்ண வேண்டாம். அமெரிக்காவின் வோஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்று, விண்டோஸ் எக்ஸ்பியில் அக்காலத்தில் அறிவிக்கப்பட்ட செயலிழப்புகளில் 85 வீதத்துக்கு ட்ரைவர்களே காரணம் எனக் குறிப்பிட்டது. விண்டோஸ் விஸ்டா 2007 இல் வெளிவந்தபோது பதிவான செயலிழப்புகளில் ஏறத்தாழ 29 வீதம் என்விடியா ட்ரைவர்களால் நேர்ந்தவை என்பது, மறு வருடம் ஒரு வழக்கில் வெளிப்பட்ட மைக்ரோசொப்ட்டின் உள் ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. விண்டோஸ் அன்றிலிருந்து எவ்வளவோ திருந்தியிருக்கிறது. ஆயினும், 2024 யூலை 19 ஆம் திகதி நடந்ததை உலகம் மறந்திருக்காது. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கோப்பை அதன் கெர்னல் ட்ரைவர் வாசித்தது. மைக்ரோசொப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் கணினிகள் விழுந்தன. விமான நிலையங்கள் நின்றன. வைத்தியசாலைகள் தடுமாறின. அதைத் தயாரித்தவர்கள் கைதேர்ந்த நிபுணர்கள். அவர்களுக்கே அந்தக் கதியென்றால், எங்கோ ஒரு மூலையில் யாரோ தொகுத்த ஆயிரம் ட்ரைவர்களின் பொதியை என் வீட்டுக் கணினிக்குள் கொட்டுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

'பழையது' என்ற பூச்சாண்டி

கடைக்காரராவது அறியாமையில் செய்கிறார். அறிந்தே செய்யும் ஒரு கூட்டம் உண்டு. 'உங்கள் ட்ரைவர்கள் காலாவதியாகிவிட்டன' எனத் திரையில் சிவப்பு எழுத்தில் பயமுறுத்தும் அப்டேற்றர் மென்பொருள்களைத்தான் சொல்கிறேன். எல்லாவற்றையும் துடைத்து மீண்டும் ஒழுங்காக நிறுவிய பின்னர், ஒரு சோதனைக்காக அவற்றில் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தேன். எந்தக் குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்த என் கணினியில் 19 ட்ரைவர்கள் 'ஆபத்தான நிலையில்' இருப்பதாக அது அறிவித்தது. திருத்த வேண்டுமாயின் பணம் கட்ட வேண்டுமாம்!

'பழையது' என்பதை இவை எதை வைத்துத் தீர்மானிக்கின்றன? பெரும்பாலும் ட்ரைவரில் பொறிக்கப்பட்டிருக்கும் திகதியையும் பதிப்பெண்ணையும் வைத்து. இங்கேதான் வேடிக்கை இருக்கிறது. விண்டோஸுடன் கூடவே வரும் மைக்ரோசொப்ட்டின் ட்ரைவர்கள் பலவற்றைத் திறந்து பாருங்கள். திகதி 2006 யூன் 21 என்றிருக்கும். நேற்று எழுதப்பட்ட ட்ரைவராக இருந்தாலும் அதே திகதிதான். இது மறதியால் நேர்ந்ததன்று. ஒரு சாதனத்துக்கு ஒரே அளவு பொருத்தமான இரண்டு ட்ரைவர்கள் கிடைத்தால், விண்டோஸ் பிந்திய திகதியுடையதைத் தேர்ந்தெடுக்கும். வன்பொருளைச் செய்த நிறுவனத்தின் ட்ரைவர் இருக்கும்போது தனது பொதுவான ட்ரைவர் அதனை முந்திவிடக் கூடாது என்பதற்காக, மைக்ரோசொப்ட் தன் திகதியைத் தானே பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறது.

இன்டெல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அதன் சிப்செட் பொதியில் வரும் கோப்புகள் பலவற்றின் திகதி 1968 யூலை 18! வீடுகளில் மேசைக்கணினி என்ற பொருளே இல்லாத காலம். அது இன்டெல் நிறுவனம் தொடங்கப்பட்ட நாள். அந்தக் கோப்புகள் பெரும்பாலும் 'இந்தச் சாதனத்தின் பெயர் இன்னது' என விண்டோஸுக்குச் சொல்லும் உரைக் கோப்புகளே. சிறப்பான ட்ரைவர் வேறொன்று இருந்தால் அதற்கு அவை வழிவிட வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இப்படித் திட்டமிட்டுப் பழையதாக்கப்பட்ட திகதியைக் காட்டி, 'ஐம்பது வருடப் பழைய ட்ரைவர், உடனே மாற்று' என ஒரு மென்பொருள் உங்களை மிரட்டினால், அதற்குத் தன் தொழிலே தெரியாது. அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது அதற்கு நன்றாகத் தெரியும்.

நோயில்லாத கணினிக்கு நோய் கண்டுபிடித்து மருந்து விற்பது சட்டத்தின் முன் நிறுத்தப்பட்ட வியாபாரமும்கூட. 2019 மார்ச்சில், அமெரிக்காவின் ஒஃபிஸ் டிப்போ நிறுவனம் 250 இலட்சம் டொலரும், அதற்கு மென்பொருள் வழங்கிய சப்போர்ட் டொட் கொம் நிறுவனம் 100 இலட்சம் டொலரும் செலுத்த இணங்கி, அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் வழக்கை முடித்துக்கொண்டன. குற்றச்சாட்டு என்ன? 'கணினி மெதுவாக இயங்குகிறதா' என்பது போன்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு 'ஆம்' என்று குறியிட்டாலே போதும். பரிசோதனை எதைக் கண்டாலும் காணாவிட்டாலும், தீங்கான மென்பொருளின் அறிகுறி உள்ளதாக அறிக்கை வரும் என்பதுதான். அங்கே விற்றது வைரஸ் பயம். இங்கே விற்பது ட்ரைவர் பயம். கடை ஒன்றுதான்.

இலவச இணைப்புகள்

மூன்றாவது எதிரி இன்னும் மரியாதையானவர். தாய்ப்பலகையைச் செய்த நிறுவனமே அவர். பலகையுடன் விளக்குகளை வண்ணம் மாற்ற ஒரு மென்பொருள், விசிறியின் வேகத்தை மாற்ற ஒன்று, விளையாட்டை 'வேகப்படுத்த' ஒன்று, இவை எல்லாவற்றையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க இன்னொன்று எனக் கூட்டமாக அனுப்புகிறார். பத்திரிகையுடன் வரும் இலவச இணைப்பைப் போலத் தோன்றும். ஆனால், இவற்றிற் பல தமக்கென ஒரு ட்ரைவரைக் கெர்னலுக்குள் இறக்கிவிட்டே வேலையைத் தொடங்குகின்றன. மேசையின் கீழ் இருக்கும் பெட்டியில் ஒரு விளக்கு நீலமாக எரிவதற்காக, என் கோப்புகள் அனைத்தின் மீதும் அதிகாரம் கொண்ட ஒருவரை உள்ளே விட வேண்டுமா?

கற்பனையான அச்சமா இது? பொதுவில் பதிவானவற்றை மட்டும் சொல்கிறேன். 2017 மே மாதத்தில், எச்பி நிறுவனத்தின் பல கணினிகளில் வந்த கொனெக்சன்ட் ஒலி ட்ரைவர்ப் பொதி, பாவனையாளர் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் ஒரு கோப்பில் எழுதிவைத்ததைச் சுவிட்சர்லாந்தின் மொட்சீரோ நிறுவனம் கண்டுபிடித்தது. சோதனைக்காக எழுதிய பகுதியை அகற்ற மறந்துவிட்டார்களாம். எச்பி அதைத் திருத்தியது. 2019 மார்ச்சில், ஏசஸ் கணினிகளுக்கு ட்ரைவர்களையும் பிறவற்றையும் கொண்டுசேர்க்கும் புதுப்பிப்பு மென்பொருளுக்குள், முந்திய வருடம் ஊடுருவிகள் நுழைந்திருந்ததைக் கஸ்பர்ஸ்கை நிறுவனம் வெளிப்படுத்தியது. நச்சுக் கலந்த பதிப்பு ஏசஸின் சொந்த வழங்கியிலிருந்து, ஏசஸின் சொந்தக் கையொப்பத்துடன் சென்றது. ஊடுருவிகள் குறிவைத்திருந்தது 600 இற்குச் சற்று மேற்பட்ட கணினிகளைத்தான். வலை விழுந்தது எல்லோர் மீதும். 2023 மே மாதத்தில், கிகாபைட் நிறுவனத்தின் 271 தாய்ப்பலகை மாதிரிகள், கணினி எழும்போதே பாவனையாளர் அறியாமல் ஒரு புதுப்பிப்பு நிரலை விண்டோஸுக்குள் இறக்குவதையும், அது சில வேளைகளில் பாதுகாப்பற்ற இணைப்பினூடாகக் கோப்புகளைத் தரவிறக்குவதையும் எக்ளிப்சியம் நிறுவனம் வெளியிட்டது. கிகாபைட் பின்னர் திருத்தங்களை வெளியிட்டது.

இந்த நிறுவனங்கள் தீயவை என்பது என் வாதமன்று. தவறுகள் நேர்ந்தன, திருத்தினார்கள். இவற்றிற் பலவற்றை நீங்கள் நிறுவியே இருக்கத் தேவையில்லை என்பதே என் வாதம். உள்ளே இல்லாத சாரதி தூங்கி விழுந்து வண்டியைக் கவிழ்க்கப் போவதில்லை.

விசைகளை எழுதிவைத்த அந்த ஒலி ட்ரைவரை நினைக்கும்போது எனக்கு இன்றும் உள்ளூரக் குளிர்கிறது. பத்திரிகையாளன் ஒருவனின் விசைப்பலகையில் என்னவெல்லாம் தட்டச்சாகின்றன என்று எண்ணிப் பாருங்கள். தன் பெயர் வெளிவராது என்ற ஒரே உறுதியில் என்னிடம் பேசியவர்கள் இருக்கிறார்கள். இந்த நாட்டில் அந்த உறுதியின் பெறுமதி என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த உறுதியை நான் கொடுத்தேன். விளக்குக்கு வண்ணம் மாற்றும் மென்பொருள் கொடுக்கவில்லை.

எதிர்வாதங்கள்

'புதிய ட்ரைவர்தானே பாதுகாப்பானது? பழையதில் ஓட்டைகள் இருக்குமே?' எனக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வரைகலை, வலையமைப்பு, புளூடூத் ட்ரைவர்களில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுவதும், நிறுவனங்கள் அவற்றைப் பகிரங்கமாக அறிவித்துத் திருத்துவதும் உண்மை. அப்படியான அறிவித்தல் வந்தால் புதுப்பியுங்கள். அது காரணத்துடன் செய்யும் மாற்றம். விளையாட்டுப் பிரியர்களுக்கும் காணொளித் தொகுப்பாளர்களுக்கும் புதிய வரைகலை ட்ரைவர் தேவைப்படலாம், அதுவும் காரணமே. 'புதிது வந்திருக்கிறது' என்பது மட்டும் காரணமாகாது. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட ஒரு புதிய ட்ரைவர், வரைகலை அட்டையின் விசிறியைச் சரிவரக் கட்டுப்படுத்தாமல் போனதால் அவசரமாக மீளப்பெறப்பட்டது. அன்று அதை முதல் ஆளாய் ஓடிப் போட்டவர்களைவிட, ஒரு வாரம் பொறுத்தவர்களே புத்திசாலிகள்.

'மைக்ரோசொப்ட்டின் கையொப்பம் இருக்கிறதே, பிறகென்ன பயம்?' என்பார்கள் வேறு சிலர். கையொப்பம் அவசியம், அது இல்லாததைத் தொடவே வேண்டாம். ஆனால், அது வந்த இடத்தைத்தான் சொல்லும், அதன் குணத்தைச் சொல்லாது. 2010 இல் வெளிப்பட்ட ஸ்ரக்ஸ்நெட் நச்சுநிரலின் ட்ரைவர்கள், ரியல்டெக், ஜேமைக்ரோன் ஆகிய தாய்வான் நிறுவனங்களிடமிருந்து திருடப்பட்ட சான்றிதழ்களால் கையொப்பமிடப்பட்டிருந்தன. 2020 இல், கிகாபைட்டின் கையொப்பமுள்ள, ஓட்டையுள்ள பழைய ட்ரைவரொன்றைத் தம்முடன் காவி வந்து, அதன் வழியே பாதுகாப்பு மென்பொருளைச் செயலிழக்கச் செய்த கப்பக்காரர்களைப் பற்றி சோபொஸ் நிறுவனம் அறிக்கையிட்டது.

'விண்டோஸ் அப்டேற் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளுமே?' பெரும்பாலும் ஆம். ஒன்றும் தெரியாதவர்கள் அதை மட்டும் நம்பியிருப்பது, கடைப் பொதியை நம்புவதைவிட நூறு மடங்கு மேல். ஆனால், கண்ணை மூடிக்கொள்ள அதுவும் இடம் தராது. 2014 ஒக்டோபரில், எஃப்ரிடிஐ நிறுவனத்தின் ஒரு ட்ரைவர் விண்டோஸ் அப்டேற் வழியாகவே வந்து, அந்நிறுவனத்தின் சில்லைப் போலச் செய்யப்பட்ட போலிச் சில்லுகளின் அடையாள எண்ணையே அழித்தது. பெட்டிக்குள் இருப்பது போலியென அறியாமல் காசு கொடுத்து வாங்கியவர்களின் சாதனங்கள் ஒரே நாளில் மௌனமாகின. எதிர்ப்புக் கிளம்பியபின் அது மீளப்பெறப்பட்டது.

'லினக்ஸுக்கு மாறிவிடுங்கள் ஐயா' என்று சொல்லும் இளைஞர்களும் உண்டு. அங்கே பெரும்பாலான ட்ரைவர்கள் கெர்னலுடனேயே, மூலநிரல் எவரும் வாசிக்கக்கூடியதாக வருகின்றன. அந்த முறை மேலானது என்பதை மறுக்க மாட்டேன். என் தொழிலின் பழைய மென்பொருள்கள் சில விண்டோஸை விட்டு நகர மறுப்பதால் நானும் நகராதிருக்கிறேன். அவ்வளவுதான்.

நான் தேர்ந்தெடுத்தவை

சரி, இவ்வளவு பேசுகிறாயே, நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

முதலில், விண்டோஸை நிறுவுவதற்கு முன்பே, வேறொரு கணினியில் தாய்ப்பலகை நிறுவனத்தின் தளத்துக்குச் சென்று, பலகையின் மாதிரி எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வலையமைப்பு ட்ரைவரை மட்டும் ஒரு யுஎஸ்பியில் எடுத்துவைத்தேன். புதிய பலகைகள் சிலவற்றின் வலையமைப்புச் சில்லை விண்டோஸ் நிறுவிக்கு அடையாளம் தெரிவதில்லை. விண்டோஸ் 11 நிறுவும்போதே இணைய இணைப்பைக் கேட்கும். இணையம் இல்லாமல் ட்ரைவர் எடுக்க முடியாது, ட்ரைவர் இல்லாமல் இணையம் வராது என்ற சிக்கலில் மாட்டுபவர்களே கடைசியில் கடைப் பொதியிடம் சரணடைகிறார்கள்.

இரண்டாவது, பயோஸ் அமைப்புக்குள் சென்று, பலகை நிறுவனத்தின் மென்பொருளைத் தானாக இறக்கும் வசதியை அணைத்தேன். பின்னர் விண்டோஸ் அப்டேற்றை ஓடவிட்டேன். இரண்டு தடவை மீள எழுப்பிய பின் டிவைஸ் மனேஜரைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் குறி உள்ளவை மட்டுமே என் கவனத்துக்குரியவை. ஒரு சாதனத்தைச் செய்தது யார் எனத் தெரியாவிட்டால், அதன் விபரங்களில் உள்ள அடையாள எண் சொல்லிவிடும். 8086 என்றிருந்தால் அது இன்டெல். 1978 இல் வந்த தன் புகழ்பெற்ற செயலியின் எண்ணையே அந்நிறுவனம் அடையாளமாக வைத்துக்கொண்டது. 1002 என்றிருந்தால் ஏஎம்டியின் வரைகலை. யார் செய்தது என அறிந்தபின் அவரிடமே போகலாம், இடைத்தரகர் தேவையில்லை.

மூன்றாவது, சிப்செட் ட்ரைவரையும் வரைகலை ட்ரைவரையும் ஏஎம்டியின் தளத்திலிருந்தே எடுத்தேன். வரைகலைப் பொதியை நிறுவும்போது 'ட்ரைவர் மட்டும்' என்ற தெரிவு உண்டு. அதைத் தெரிந்தேன், மற்ற அலங்காரங்கள் எனக்கு வேண்டியதில்லை. அச்சுப்பொறிக்கும் அதேபோல அடிப்படை ட்ரைவர் மட்டும். ஒலிக்கு விண்டோஸின் பொதுவான ட்ரைவரே போதுமாயிருந்தது. ஒலிவாங்கியில் பேசிப் பதிவுசெய்து பார்த்தே அந்த முடிவுக்கு வந்தேன். வட்டுக்கும் விண்டோஸ் கொண்டுவந்ததுதான். ஒரே ஒரு வட்டு வைத்திருப்பவனுக்கு ரெயிட் எதற்கு?

ஆக, நான் என் கையால் போட்டவை நான்கு. வலையமைப்பு, சிப்செட், வரைகலை, அச்சுப்பொறி. கடையிலே போட்ட பட்டியல் ஒரு திரைக்குள் அடங்கவில்லை.

கடைசியாக, அந்த நான்கின் நிறுவற் கோப்புகளையும் புறவட்டில் பிரதியெடுத்து, பதிப்பெண்ணையும் நிறுவிய திகதியையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். எதையேனும் மாற்றுமுன் ஒரு மீட்புப் புள்ளி வைத்துக்கொள்கிறேன். மாற்றியபின் கணினி தடுமாறினால், டிவைஸ் மனேஜரிலேயே முந்திய ட்ரைவருக்குத் திரும்பும் பொத்தான் இருக்கிறது. கணினி எழ மறுத்தாலும் பாதுகாப்பு நிலையில் எழுப்பிப் பிழையான ட்ரைவரை அகற்ற முயலலாம். என் ஏழு நாடாக்களையும் காப்பாற்ற அன்று அந்தப் பத்து நிமிட முயற்சியே போதுமாயிருந்திருக்கக் கூடும். ஃபோமற் என்பது முதல் மருந்தன்று. வேறு வழியே இல்லாதபோது செய்வது. அதிலும் இன்றைய எஸ்எஸ்டி வட்டுகளில், ஃபோமற் செய்தபின் தரவை மீட்பது பெரும்பாலும் நடவாத காரியம். மருமகன் எவ்வளவோ முயன்றான். ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்தக் கடை இளைஞன்மீது எனக்குக் கோபமில்லை. நாளுக்குப் பத்துக் கணினி முடிக்க வேண்டுமென்று முதலாளி எதிர்பார்க்கும்போது, பலகையின் மாதிரி எண்ணைப் பார்த்து ஒவ்வொன்றாய் எடுக்க அவனுக்கு நேரம் ஏது? 'எல்லாம் போட்டுத் தந்தனான்' என்பதை அவன் தாராள மனதுடன்தான் சொன்னான். வாங்குபவர்களாகிய நாமும் அதைத் தாராளம் என்றே நம்புகிறோம். அந்த நம்பிக்கையைத்தான் உடைக்க வேண்டும்.

என்னிடம் இரண்டு மணித்தியாலம் பேசிய அந்த அச்சுக்கோப்பாளர் சொன்னதில் ஒன்று மட்டும் நினைவில் நிற்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதலில் கோக்கப் பழக்க மாட்டாராம். எந்த எழுத்து எந்த அறையில் இருக்கிறது என்பதை ஒரு மாதம் பார்க்கச் சொல்வாராம். அதை அவர் எந்தச் சொற்களில் சொன்னார் என்பதை இனி என்னால் திரும்பக் கேட்க முடியாது.

அடுத்த தடவை கணினியைக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் தயவுசெய்து கதிரையை இழுத்துப் போட்டு அருகில் அமருங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்: "தம்பி, என்ன போடுறீர்? ஏன் போடுறீர்? எங்கயிருந்து எடுத்தனீர்?" இந்த மூன்றுக்கும் பதில் வராவிட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஆனால், அதற்கு முன் கோப்புகளைப் பிரதியெடுத்து வைத்திருங்கள்.